சென்னை – சிங்கப்பூர் வான்தூரம்: 2,920 கிலோமீட்டரைக் கடக்க உண்மையில் எவ்வளவு நேரம் ஆகும்?

தஞ்சைமகள்
வணக்கம் நண்பர்களே. என் அம்மாவுக்கு 71 வயது. வரும் ஆகஸ்டில் சிங்கப்பூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறார், தங்கைக்குப் பிரசவ நேரம். தனியாகப் போக வேண்டிய நிலை, அதுவும் முதல் விமானப் பயணம். தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போய் ஏற்றிவிடுவதா, சென்னைக்கே கூட்டிப்போய் ஏற்றிவிடுவதா என்று வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு.

தூரத்தைத் தேடினால் ஒரு தளம் 2,920 என்கிறது, இன்னொன்று 1,814 என்கிறது, மூன்றாவது 1,577 என்கிறது. எது சரி? நேரமும் குழப்பம்தான். திருச்சி விமானம் இரவு 11.20-க்குப் புறப்பட்டுக் காலை 6.15-க்குச் சேரும் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஏழு மணி நேரமா? செப்டம்பரில் திரும்பும் விமானம் காலை 8.40-க்குக் கிளம்பி 10.25-க்கே வந்துவிடுகிறது. ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எப்படி வர முடியும்? தெரிந்தவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

மீனம்பாக்கம்வாசி
போக நாலரை மணி நேரம், வர நாலேகால். கடிகாரம்தான் குழப்புகிறது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் போடுவது அந்தந்த ஊர் நேரம். 11.20-லிருந்து 6.15 வரை ஆறு மணி 55 நிமிடம். அதில் இரண்டரையைக் கழியுங்கள், நாலு மணி 25 நிமிடம். திரும்பும்போது ஒன்றே முக்காலோடு இரண்டரையைக் கூட்டுங்கள், நாலு மணி 15 நிமிடம். முடிந்தது.

மேகவழி
சகோதரி, நான் ஒரு விமான நிறுவனத்தில் டிஸ்பாட்ச் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானம் எந்த வழியில் போகும், எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த மூன்று எண்ணும் ஒரே தூரம்தான். 2,920 கிலோமீட்டர், 1,814 மைல், 1,577 கடல்மைல். விமானத் துறையில் கடல்மைல்தான் வழக்கம், ஒரு கடல்மைல் 1.852 கிலோமீட்டர். பல தளங்கள் அலகைப் போடாமல் எண்ணை மட்டும் போட்டுவிடுகின்றன.

இது மீனம்பாக்கம் ஓடுபாதையிலிருந்து சாங்கி ஓடுபாதை வரை பூமியின் வளைவை ஒட்டி அளந்த மிகக் குறுகிய தூரம். நிஜத்தில் எந்த விமானமும் இந்தக் கோட்டின்மேல் அப்படியே பறப்பதில்லை. குறித்த வான்வழிகளைப் பிடித்துப் போக வேண்டும், இடிமேகம் வந்தால் விலக வேண்டும், இறங்கும்போது வரிசையில் சேர வேண்டும். எல்லாம் சேர்ந்து சில சதவீதம் கூடும்.

அடுத்தது திருச்சி. அங்கிருந்து சாங்கிக்குச் சுமார் 2,980 கிலோமீட்டர். சென்னையைவிட 60 கிலோமீட்டர்தான் அதிகம், காற்றில் நாலைந்து நிமிடம். சிங்கப்பூர் நமக்குத் தெற்கே இருக்கிறது, எனவே திருச்சி பக்கமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூர் தெற்கே இருப்பதைவிட அதிகம் கிழக்கே இருக்கிறது. திருச்சி சென்னைக்குத் தெற்கே மட்டும் இல்லை, மேற்கேயும் ஒன்றரை டிகிரி தள்ளி இருக்கிறது. ஒன்றில் கிடைப்பது மற்றொன்றில் போய்விடுகிறது. மதுரை என்றால் 3,010, கோயம்புத்தூர் என்றால் 3,160 அளவில் வரும்.

தஞ்சைமகள்
ரொம்ப நன்றி ஐயா. அப்படியானால் திருச்சிக்கும் சென்னைக்கும் விமான நேரத்தில் வித்தியாசமே இல்லையா? சென்னையிலிருந்து போகும் ஒரு விமானம் நாலு மணி 5 நிமிடம் என்றும், திருச்சி விமானம் நாலு மணி 25 நிமிடம் என்றும் காட்டுகிறதே?

மேகவழி
அந்த 20 நிமிடத்துக்கு 60 கிலோமீட்டர் மட்டும் காரணமில்லை. விமான ரகமும் காரணம். திருச்சியிலிருந்து போவது பெரும்பாலும் ஒற்றை நடைபாதை விமானம், ஏ320 அல்லது 737 குடும்பம். இவை மேக் 0.78 அளவில் பறக்கும், அதாவது ஒலியின் வேகத்தில் 78 சதவீதம். சென்னையிலிருந்து சில வேளைகளில் ஏ350 மாதிரி இரட்டை நடைபாதை விமானம் போகும். அது மேக் 0.85. 36,000 அடி உயரத்தில் பார்த்தால் ஒன்று மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர், மற்றது 900. ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், நடுவில் ஒரே மட்டத்தில் பறக்கும்போது மட்டும் 15 நிமிடம் போல மிச்சமாகும்.

இன்னொன்று. அட்டவணையில் போடுவது காற்றில் இருக்கும் நேரம் இல்லை. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, போன ஊரில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். பிளாக் டைம் என்போம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, முன்னால் இருக்கும் விமானங்களுக்குக் காத்திருப்பது, இறங்கியபின் வாயில் வரை ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். நெரிசலுக்கென்று நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போடுவார்கள். நாலு மணி 25 நிமிடம் என்று போட்ட பயணத்தில் காற்றில் இருப்பது நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவாகவோ கூடவோ இருக்கும்.

உட்லண்ட்ஸ்காரன்
அக்கா, தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குச் சாலை வழி 340 கிலோமீட்டர். காரில் போனாலும் ஆறு ஏழு மணி நேரம். திருச்சி விமான நிலையம் ஒன்றரை மணி நேரத்துக்குள். விமானத்தில் 20 நிமிடம் மிச்சம் பிடிக்க 71 வயது அம்மாவை நாளெல்லாம் சாலையில் உட்கார வைப்பீர்களா? யோசிக்கவே வேண்டாம், திருச்சிதான். இங்கே சிங்கப்பூரில் இருக்கும் டெல்டாக்காரர்கள் பெற்றோரைக் கூப்பிடுவது எல்லாம் திருச்சி வழியாகத்தான்.

மீனம்பாக்கம்வாசி
ஒரே அடியாக அப்படிச் சொல்ல முடியாது. சென்னையில் ஒரு நாளைக்குப் பல விமானம் உண்டு. ஒன்று ரத்தானால் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். திருச்சியில் தேர்வு குறைவு. பெரிய விமானத்தில் கால் நீட்ட இடமும் இருக்கும், கழிப்பறையும் கூடுதல். வயதானவர்களுக்கு அதுவும் முக்கியம்தானே?

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம். கிழக்கே போகும்போது பின்காற்று இருக்கும், மேற்கே வரும்போது எதிர்க்காற்று என்பார்கள். அமெரிக்கா போய் வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். இந்த வழியில் மட்டும் கிழக்கே போவதற்கு 4.25, மேற்கே வருவதற்கு 4.15 என்று தலைகீழாக இருக்கிறதே?

கேள்விக்குறி
பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. விமானம் மேலே இருக்கும்போது கீழே பூமி நகர்ந்துகொண்டே இருக்கும். மேற்கே வரும்போது சென்னையே நம்மை நோக்கி வருகிறது, அதனால் நேரம் குறைகிறது. இதுதானே காரணம்?

மேகவழி
கேள்விக்குறி தம்பி, அப்படி இல்லை. நிலநடுக்கோட்டில் பூமியின் மேற்பரப்பு மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. நீங்கள் சொல்வது சரியென்றால், விமானம் மேலே எழும்பி ஒரே இடத்தில் நின்றாலே இரண்டு மணி நேரத்துக்குள் சென்னை அதன் கீழே வந்திருக்க வேண்டும். காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவர் இன்ஜின் பக்கம் நடந்தாலும் கடைசிப் பெட்டிப் பக்கம் நடந்தாலும் அதே நேரம்தான் ஆகும். கணக்கில் வருவது, பூமியோடு ஒப்பிட்டால் காற்று கூடுதலாக எந்தப் பக்கம் நகர்கிறது என்பது மட்டும்.

இப்போது மீனம்பாக்கம்வாசி கேட்டதற்கு வருகிறேன். இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

கிழக்கே போனால் பின்காற்று என்பது நடு அகலாங்குகளுக்கான கணக்கு. அங்கே 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்று எல்லோரும் கேள்விப்பட்டது அதைத்தான். நம் பக்கத்தில் அது குளிர்காலத்தில் இமயமலைக்குத் தெற்கே, வட இந்தியாவின் மேலே இருக்கும். சென்னை 13 டிகிரி வடக்கில், சிங்கப்பூர் ஒன்றரை டிகிரிக்கும் கீழே. அந்தக் காற்றோட்டம் நம் வழிக்கு எட்டவே எட்டாது.

அதற்குப் பதிலாக நம் வழியில் வேறொன்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், திபெத்தியப் பீடபூமியும் ஆசியப் பெருநிலமும் சூடாகி, மேலே உயர் அழுத்தம் உருவாகிறது. அதற்குத் தெற்கே, தென்னிந்தியாவின் தலைக்குமேல், கிழக்கிலிருந்து மேற்காகப் பலமான காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டம் என்று இதற்குப் பெயர். இதை முதலில் விளக்கி 1958-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோடேஸ்வரம். பின்னாளில் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கே தலைமை இயக்குநராக இருந்தவர். உலகம் முழுக்கப் பருவமழை படிப்பவர்கள் இன்றும் அவர் கட்டுரையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் அவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அந்தக் காற்றோட்டத்தின் உச்ச வேகம் 14 கிலோமீட்டர் உயரத்துக்கு மேலே இருக்கும். விமானங்கள் அதற்குக் கீழே, 10 முதல் 12 கிலோமீட்டரில் பறக்கின்றன. அங்கேயும் அது நன்றாகவே படும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். 830-இல் பறக்கும் விமானம் சிங்கப்பூர் போகும்போது தரையைப் பொறுத்து 770-இல் நகரும், திரும்பும்போது 890. 2,920 கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் மூணு மணி 48 நிமிடம், மறுபக்கம் மூணு மணி 17 நிமிடம். அரை மணி நேர வித்தியாசம். ஏறுவது இறங்குவது இதில் சேராது, வெறும் காற்றுக் கணக்கு.

அதே விமானம் ஜனவரியில் போனால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். இந்த வழியில் குளிர்காலத்தில் மேல்காற்று மெதுவாகத்தான் வீசும்.

டோக்கியோதமிழன்
மேகவழி ஐயா சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்து ஒரு உதாரணம். டெல்லி – டோக்கியோ சுமார் 5,860 கிலோமீட்டர். குளிர்காலத்தில் டெல்லியிலிருந்து வரும்போது ஏழரை மணி நேரம் போல ஆகும், இங்கிருந்து டெல்லிக்கு ஒன்பதரைக்கு மேல். ஒரே தூரம், இரண்டு மணி நேர வித்தியாசம். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் ஓடும் மேற்குக்காற்று உலகிலேயே மிகப் பலமானவற்றுள் ஒன்று.

அதைக் கண்டுபிடித்தவரும் இந்த ஊர்க்காரர்தான், வசாபுரோ ஓயிஷி. 1920-களில் தத்தெனோ ஆய்வுக் கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். 1926-இல் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் வெளியிட்டார், அதனால் வெளிநாட்டில் அதிகம் பேர் கவனிக்கவில்லை. கோடேஸ்வரம் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இரண்டு காற்றோட்டங்களையும் ஆசியாக்காரர்கள்தான் முதலில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

கேள்விக்குறி
நன்றி ஐயா, தெளிவாகப் புரிந்தது. இன்னொரு கேள்வி. இரு ஊருக்கும் நடுவே தீர்க்கரேகை வித்தியாசம் 24 டிகிரிதான். டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் 96 நிமிடம் வருகிறது. கடிகாரத்தில் மட்டும் 150 நிமிடம் ஏன்?

மேகவழி
நல்ல கேள்வி. சூரியனைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். சிங்கப்பூரின் இடத்துக்கு உலக நேரத்திலிருந்து ஏழு மணி நேரம் முன்னால் என்பதுதான் இயல்பு. முன்பு ஏழரை மணி நேரம் வைத்திருந்தார்கள், அப்போது நமக்கும் அவர்களுக்கும் இரண்டே மணி நேர வித்தியாசம். மலேசியா தன் இரு பகுதிகளுக்கும் ஒரே நேரம் வேண்டும் என்று எட்டு மணிக்கு மாறியது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1982 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. அங்கே வருடம் முழுக்கக் காலை ஏழு மணி அளவில்தான் விடியும், மாலை ஏழு மணி அளவில்தான் பொழுது சாயும்.

தஞ்சைமகள் சகோதரி இதைக் கவனியுங்கள். அம்மா 6.15-க்கு இறங்கும்போது வெளியே இருட்டாக இருக்கும். அவர் உடம்புக்கு அப்போது அதிகாலை 3.45. தூங்கவேண்டிய நேரம் முழுக்க விமானத்தில் போயிருக்கும். சேர்ந்த அன்று முழு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவராக இருந்தால் நேரத்தை எப்படி மாற்றுவது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கொழும்புவாசி
வணக்கம். கொழும்பு வழியாகப் போகிறதையும் யோசித்துப் பார்க்கலாம். திருச்சியில் இருந்து கட்டுநாயக்கா 420 கிலோமீட்டர் அளவு, அங்கே இருந்து சிங்கப்பூர் 2,750. மொத்தம் 3,170. நேரே போகிறதைவிட 190 கிலோமீட்டர்தான் கூட. டிக்கெட்டும் சில மாதங்களில் மலிவாகக் கிடைக்கும்.

உட்லண்ட்ஸ்காரன்
தூரக் கணக்கு சரிதான், ஆனால் நடுவில் இறங்கி ஏற வேண்டுமே. இரண்டு மணி நேரம் காத்திருப்பு, இன்னொரு தடவை சோதனை, இன்னொரு வாயில் தேடுவது. எட்டு ஒன்பது மணி நேரம் ஆகிவிடும். இளைஞர்களுக்குப் பரவாயில்லை. தனியாக, முதல் தடவையாக வரும் அம்மாவுக்கு வேண்டாம். கோலாலம்பூர் வழியும் அப்படித்தான். அங்கிருந்து சிங்கப்பூருக்கு 300 கிலோமீட்டர், பறப்பது ஒரு மணி நேரத்துக்குள். ஆனால் மாறுவதற்கு ஆகும் நேரம் அதைவிட அதிகம்.

கொழும்புவாசி
அம்மா தனியாகப் போகிறா என்றதைக் கவனித்தபடியால் நானும் நேர் விமானம்தான் நல்லது என்று சொல்லுவேன். கூட ஆள் இருந்தால் மட்டும் எங்கட பக்கம் வாருங்கோ.

நாகை_பெரியவர்
நீங்கள் எல்லோரும் 20 நிமிடத்துக்குக் கணக்குப் போடுகிறீர்கள். படிக்கப் படிக்க எனக்குப் பழைய நினைவுகள் வருகின்றன, சொல்கிறேன். என் தகப்பனார் சிங்கப்பூருக்குப் போனது ரஜூலா கப்பலில். சென்னையில் கிளம்பி நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், பிறகு சிங்கப்பூர். ஏறக்குறைய ஒரு வாரம். நாகையில் கப்பல் கரைக்கு வராது, தொலைவில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அலை அடிக்கும்போது பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றுவது பெரும்பாடு என்று சொல்வார்.

ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றுவிட்டது. எங்கள் தெருவில் பல வீடுகள் அந்தக் கப்பல் வருமானத்தில் கட்டியவை.

மேகவழி
பெரியவருக்கு வணக்கம். 1,577 கடல்மைலை மணிக்கு 15 கடல்மைல் வேகத்தில் எங்கும் நிற்காமல் போனாலே நாலு நாளுக்கு மேல் ஆகும். துறைமுகம் துறைமுகமாக நின்று போனால் ஒரு வாரம் என்பது பொருத்தமாக வருகிறது.

சன்னலோரம்
யாருமே வழியைப் பற்றிச் சொல்லவில்லையே! நான் இந்தப் பாதையில் பகல் விமானம் கிடைத்தால் சன்னல் இருக்கையை விடமாட்டேன்.

சென்னைக் கடற்கரையைத் தாண்டினால் முதல் இரண்டு மணி நேரம் வெறும் வங்கக் கடல், மேகம், கடல். பிறகு வானம் தெளிவாக இருந்தால் இடப்பக்கம் கிரேட் நிக்கோபார் தெரியும், அடர்ந்த பச்சை. சற்று நேரத்தில் வலப்பக்கம் சுமத்ராவின் வடமுனை, ஆச்சே. குறுகிய வழிக் கோடு இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள கால்வாய் வழியாகத்தான் போகிறது. கீழே மலாக்கா நீரிணைக்குள் நுழையும் சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போவதையும் பார்க்கலாம்.

இராஜேந்திர சோழன் 1025-இல் கடற்படை அனுப்பினான் அல்லவா? அவன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம், இலாமுரிதேசம், கடாரம் என்று ஊர்ப் பெயர்கள் வரும். மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடபகுதி, கடாரம் இன்றைய கெடா. சன்னல் வழியாக அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தாண்டுகிறோம். எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் மெய் சிலிர்க்கும். பிறகு நீரிணையை ஒட்டியே மேடானுக்கும் பினாங்குக்கும் நடுவே போய், மலாக்கா நகரத்துப் பக்கமாக வந்து இறங்கும்.

தஞ்சைமகள்
படிக்கவே ஆசையாக இருக்கிறது. அம்மா பொன்னியின் செல்வனை மனப்பாடமாகச் சொல்வார், திரும்பும்போது பகல் விமானம்தான், சன்னல் இருக்கை போட்டுவிடுகிறேன். ஒரு பயம் மட்டும் இருக்கிறது. இரண்டு மணி நேரம் கடல்மேல் என்றால், நடுவில் ஏதாவது ஆனால்?

மேகவழி
பயப்பட வேண்டாம். இரண்டு இன்ஜின் விமானம் கடல்மேல் பறக்க வேண்டுமானால், ஒரு இன்ஜின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் இறங்குவதற்கு விமான நிலையம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்த்துத்தான் வழியே போடுவோம். இந்த வழியில் தொடக்கத்தில் சென்னையும் கொழும்பும், நடுவில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), அப்புறம் மேடான், பினாங்கு, கோலாலம்பூர். ஒற்றை இன்ஜினிலும் விமானம் பல மணி நேரம் பறக்கும். நடுக்கடலில் தரை ரேடார் எட்டாது. அதனால் விமானங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி விட்டு, செயற்கைக்கோள் வழியாக நிலையைத் தெரிந்துகொண்டே இருப்பார்கள்.

ஆகஸ்டில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது வேறு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து விடியலுக்கு முன்னே இடிமேக வரிசை ஒன்று உருவாகி, நீரிணையைக் கடந்து சிங்கப்பூரின்மேல் அடிக்கும். சுமத்ரா ஸ்குவால் என்பார்கள். ஒன்றிரண்டு மணி நேரம் பலத்த காற்றும் மழையும் இருக்கும். நம் ஊரிலிருந்து போகும் இரவு விமானங்கள் சரியாக அந்த நேரத்தில்தான் போய்ச் சேருகின்றன. அப்படி நடந்தால் விமானம் மேலேயே வட்டமடித்துக் காத்திருக்கும், 20 நிமிடமோ 40 நிமிடமோ. மிக மோசமானால் பக்கத்து விமான நிலையத்தில் இறக்கி எரிபொருள் போட்டுக்கொண்டு வரும். அதற்கான எரிபொருளைக் கணக்குப் போட்டே ஏற்றியிருப்போம். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால், வட்டமடிக்கும்போது பதற மாட்டார்.

ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் சில நிமிடங்களைக் கூட்டும், குறைக்கும். சாங்கியின் ஓடுபாதைகள் ஏறக்குறைய வடக்குத் தெற்காக இருக்கின்றன. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்று வீசும்போது வடக்கு நோக்கி இறக்குவார்கள். நம் விமானம் வடமேற்கிலிருந்து வருவதால் தீவைத் தாண்டித் தெற்கே போய்த் திரும்பி வர வேண்டும். ஆகஸ்டில் தெற்கு நோக்கி இறக்கினால் அந்தச் சுற்று இல்லை. சென்னையில் இதற்கு மறுபக்கம். தென்மேற்குக் காற்றில் மேற்கு நோக்கி எழும்பி, பிறகு கடல் பக்கம் திரும்ப வேண்டும்.

மீனம்பாக்கம்வாசி
சென்னைப் பக்கம் இறங்குவதற்கும் ஒரு எச்சரிக்கை, இந்த இழையைப் பிற்பாடு படிப்பவர்களுக்காக. ஜனவரியில் போகி அன்று அதிகாலை சென்னைக்கு வரும் விமானத்தைத் தவிர்த்துவிடுங்கள். பனியும் போகிப் புகையும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல், விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிய வருடங்கள் உண்டு. டிசம்பர் முதல் வாரமும் கவனம். 2015-இலும் 2023-இலும் வெள்ளத்தால் விமான நிலையத்தையே மூட வேண்டியதாயிற்று.

உட்லண்ட்ஸ்காரன்
அக்கா, நேரத்தில் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து அம்மா வெளியே வருவதற்கு முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். சாங்கி பெரியது, நடை அதிகம். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், குறைந்தது இரண்டு நாள் முன்பாவது நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நடக்க முடிந்தவராக இருந்தாலும் கேளுங்கள். கூடவே ஒருவர் குடிநுழைவு, பெட்டி எடுப்பது எல்லாம் முடித்து வெளியே கொண்டுவந்து விடுவார். முதல் தடவை வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய துணை இல்லை.

விசாவோடு சேர்த்து, சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள். அதிகாரப்பூர்வத் தளத்தில் இலவசம். பணம் கேட்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன, ஏமாற வேண்டாம்.

தஞ்சைமகள்
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கையோடும் பேசிவிட்டேன். திருச்சியிலிருந்து நேர் விமானம் என்று முடிவு செய்துவிட்டோம். அந்த வாரத்தில் பகல் விமானமும் ஒரு நாள் இருக்கிறது, மாலையில் போய்ச் சேரும். கட்டணம் கொஞ்சம் அதிகம். மேகவழி ஐயா, அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கலாமா?

மேகவழி
கொடுக்கலாம். அம்மா ராத்திரி தூங்கி எழுந்து, சாப்பிட்டுக் கிளம்பலாம். விடியற்கால ஸ்குவாலும் இருக்காது. பிற்பகலில் அங்கே இடிமழை வருவதுண்டு, ஆனால் அது பெரும்பாலும் ஆங்காங்கே பெய்து ஓய்ந்துவிடும். தங்கைக்கும் பிரசவ நேரத்தில் அதிகாலை அலைச்சல் வேண்டாம். போகும்போது எதிர்க்காற்றில் பத்து நிமிடம் கூடினாலும் கவலைப்படாதீர்கள், செப்டம்பரில் திரும்பும்போது அதே காற்று பின்னால் இருந்து தள்ளும். அட்டவணையில் போட்ட 10.25-க்கு முன்பே திருச்சியில் இறங்கினாலும் இறங்கும். கூப்பிட வருபவர் பத்து மணிக்கே வந்துவிடட்டும்.

சன்னலோரம்
திரும்பும்போது வலப்பக்கச் சன்னல் போடுங்கள். நிக்கோபார் அந்தப் பக்கம்தான் வரும், காலை வெயிலும் முகத்தில் அடிக்காது. இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசையாகக் கேளுங்கள்.